வீடியோ ஆன் டிமாண்ட் சேவைக்கு ஸ்டோரேஜ் வாங்கப் போகிறீர்களா? ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

சொந்தமாக ஒரு வீடியோ சேவை தொடங்க நினைத்து ஸ்டோரேஜ் விற்பவரிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டெராபைட் வேண்டும்?" என்பதுதான். எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள். எண்ணைச் சொன்னதும் கோட்டேஷன் வந்துவிட்டது. அந்தக் கோட்டேஷன் நம் வேலைக்குப் பொருந்துமா என்று கண்டுபிடிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது, ஏனென்றால் பதில்கள் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்திலும், வாரண்டிப் படிவத்தின் பொடி எழுத்திலும், அனுபவம் உள்ள யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியிலுமாகச் சிதறிக் கிடந்தன. அதையெல்லாம் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவை வைத்திருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது ஒரு கணக்கு. அதை ஒரே நேரத்தில் பலருக்கு எடுத்துக் கொடுக்க என்ன வேண்டும் என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வகை ஹார்ட்வேரை வாங்கினால் ஒன்று பணம் வீணாகும், இல்லையென்றால் பார்ப்பவரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1. முதலில் இடக் கணக்கு: மாஸ்டர் வேறு, பார்ப்பவருக்குப் போகும் காப்பி வேறு

வீடியோ நொடிக்கு எவ்வளவு தரவு எடுக்கிறது என்ற பிட்ரேட்டை எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு மெகாபிட்) எடுத்து 0.45-ஆல் பெருக்குங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 5 எம்பிபிஎஸ் ஓடும் 1080பி வீடியோ மணிக்கு 2.25 ஜிபி. ஆனால் ஒரே ஒரு தரத்தில் யாரும் வைப்பதில்லை. 240பி 0.3, 360பி 0.8, 480பி 1.5, 720பி 3, 1080பி 5 என்று ஐந்து தரம் வைத்தால் மொத்தம் 10.6 எம்பிபிஎஸ், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 4.8 ஜிபி. 15 எம்பிபிஎஸ்ஸில் 4கே-யும் சேர்த்தால் 11.5 ஜிபி. ஆக, 1000 மணி நேரப் படங்களுக்கு 11.5 டிபி. அவ்வளவுதான்.

இப்போது மாஸ்டர், அதாவது காப்பிகளை உருவாக்க வைத்திருக்கும் உயர்தர மூலப் பதிவு, பக்கம் வாருங்கள். எடிட்டிங்கில் பயன்படும் புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் 1080பி மாஸ்டர் நொடிக்கு 30 ஃபிரேமில் சுமார் 220 எம்பிபிஎஸ், மணிக்கு 99 ஜிபி. அதே 1000 மணி நேரத்துக்கு 99 டிபி. 4கே மாஸ்டராக இருந்தால் சுமார் நான்கு மடங்கு. விற்பவரிடம் மொத்தமாக "110 டிபி" என்று சொன்னீர்களென்றால் 110 டிபி-க்கும் ஒரே வகைப் பெட்டியைத் தருவார். அதில் பார்ப்பவர் தொடுவது பத்தில் ஒரு பங்குதான் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்தப் பிரிவினையை நீங்களே செய்துகொண்டு போவதில்தான் பாதிப் பணம் மிச்சமாகிறது.

இடக் கணக்கில் மூன்று பொறிகள் இருக்கின்றன. பெட்டியில் 20 டிபி என்று இருக்கும் டிஸ்க் பல சிஸ்டங்களில் 18.19 என்றுதான் காட்டும், ஏனென்றால் தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், சிஸ்டம் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டாவது, 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது, அதற்கு மேல் போனால் பல ஃபைல் சிஸ்டங்கள் மெதுவாகிவிடும். மூன்றாவதுதான் பெரியது. சில ஸ்டோரேஜ்களை "எஃபெக்டிவ் கெபாசிட்டி" என்று சொல்லி நிஜ இடத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு காட்டி விற்பார்கள். அது கம்ப்ரெஷனையும் டீடூப்ளிகேஷனையும் (ஒரே தரவு பல முறை இருந்தால் ஒன்றை மட்டும் வைப்பது) நம்பிச் சொல்லும் எண். வீடியோ ஏற்கெனவே கம்ப்ரெஸ் ஆன தரவு, அதற்கு மேல் சுருங்காது. கோட்டேஷனில் "ரா" (டிஸ்க்குகளின் மொத்த இடம்) எவ்வளவு, "யூசபிள்" (பாதுகாப்புக்கு ஒதுக்கியது போக நிஜமாகப் பயன்படுவது) எவ்வளவு என்ற இரண்டு எண்ணை மட்டும் கேளுங்கள்.

2. அப்புறம் வாசிப்புக் கணக்கு

உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு வேண்டும். 2000 பேர், தலைக்கு 5 எம்பிபிஎஸ் என்றால் 10 ஜிபிபிஎஸ். சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இரவு நேர உச்சம்தான் உங்கள் ஹார்ட்வேரை நிர்ணயிக்கிறது.

நடுவில் சிடிஎன் (படங்களின் காப்பியைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவை) இருந்தால் உங்கள் ஆரிஜின் சர்வருக்கு, அதாவது படங்கள் இருக்கும் உங்கள் சொந்த சர்வருக்கு, வரும் சுமை குறையும். 90 சதவீதம் சிடிஎன் கேஷிலேயே (அது வைத்திருக்கும் தற்காலிகக் காப்பியிலேயே) கிடைத்துவிட்டால் ஆரிஜினுக்கு வருவது 1 ஜிபிபிஎஸ்தான். இதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். எல்லாரும் பார்க்கும் புதுப் படத்தை சிடிஎன் பார்த்துக்கொள்ளும், உங்களிடம் வருவதெல்லாம் யாரோ ஒருவர் எப்போதோ தேடும் பழைய படங்கள். அதாவது அளவு குறைவு, ஆனால் டிஸ்க்கின் எல்லா மூலைகளுக்கும் ஓட வைக்கும் வாசிப்பு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பிடிக்காத வேலையே இதுதான். சிடிஎன் கேஷை ஒருமுறை காலி செய்ய நேர்ந்தால் முழுச் சுமையும் ஒரேயடியாக வந்து விழும் என்பதையும் மனதில் வையுங்கள். சிடிஎன் கோரிக்கைகளை ஓரிடத்தில் சேர்த்து ஆரிஜினுக்கு அனுப்பும் ஆரிஜின் ஷீல்டு என்ற வசதி உங்கள் சிடிஎன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் போடுங்கள்.

3. மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

மாஸ்டர் கிடங்கு, டெலிவரி ஸ்டோரேஜ், டிரான்ஸ்கோட் செய்யும் (மாஸ்டரிலிருந்து பல தரக் காப்பிகளை உருவாக்கும்) தற்காலிக இடம். மாஸ்டர் பெரிய ஹார்ட் டிஸ்க்குகளில், டெலிவரி முடிந்தவரை எஸ்எஸ்டி-யில், தற்காலிக இடம் எழுத்தைத் தாங்கும் எஸ்எஸ்டி-யில். சிறிய சேவைக்கு டெலிவரி காப்பி 10, 20 டிபி-க்குள் அடங்கிவிடும், அதை முழுவதும் எஸ்எஸ்டி-யில் வைப்பது இன்று எட்டாக்கனி இல்லை. நூலகம் நூற்றுக்கணக்கான டிபி ஆகும்போதுதான் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, முன்னால் எஸ்எஸ்டி கேஷ் போடும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

4. ஹார்ட் டிஸ்க்: இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்

டேட்டாஷீட்டில் 250, 270 எம்பி/நொடி என்று இருக்கும் (இது மெகாபைட், 8 மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்). அது தட்டின் வெளி விளிம்பில், ஒரே ஃபைலைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது கிடைக்கும் வேகம். உள் விளிம்பில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் சேவையிலோ நூறு பேர் நூறு இடத்திலிருந்து வாசிப்பார்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒவ்வொரு முறை இடம் மாறவும் தலை நகர சுமார் 8 மில்லிநொடி, தட்டு சுற்றி வரச் சராசரி 4 மில்லிநொடி, ஆக 12 மில்லிநொடி ஆகும். லினக்ஸின் வழக்கமான ரீட்-அஹெட், அதாவது ஒரு தடவைக்கு முன்கூட்டியே வாசித்து வைக்கும் அளவு, 128 கேபி. ஒவ்வொரு துண்டுக்கும் 12 மில்லிநொடி அலைந்து 128 கேபி மட்டும் எடுத்து வந்தால் அந்த டிஸ்க் நொடிக்குச் சுமார் 10 எம்பி-தான் தரும். 5 எம்பிபிஎஸ் பார்ப்பவர்கள் 16 பேர். அதே டிஸ்க்கில் ஒரு தடவைக்கு 1 எம்பி எடுக்கச் சொன்னால் நொடிக்கு 55, 60 எம்பி வரை போகும், தொண்ணூறு பேரைத் தாங்கும். காசு செலவில்லாமல் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ரீட்-அஹெட்டை உயர்த்துவது, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் ரெக்கார்டு சைஸை (அது தரவை எழுதும் துண்டின் அளவை) 1 எம்பி வைப்பது, இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ரெக்கார்டு சைஸ் பிறகு எழுதும் ஃபைல்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே எழுதியதை மாற்றாது, அதனால் தரவை ஏற்றும் முன் செய்ய வேண்டும்.

வாங்கும்போது மாடல் எண்ணை முழுசாக, கடைசி எழுத்துவரை கேட்டு வாங்கி டேட்டாஷீட்டில் இவற்றைப் பாருங்கள்.

பதிவு முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆர் டிஸ்க் தடங்களைத் தனித்தனியாக எழுதுகிறது, எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி எழுதுகிறது. எஸ்எம்ஆரில் வாசிப்பு பரவாயில்லை, ஆனால் ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) ஒரு டிஸ்க் போய் புதியதை நிரப்பும்போது ஊர்ந்துபோகும், சில சமயம் கன்ட்ரோலர் அதைப் பழுது என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். 2020-ல் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க்குகளிலேயே சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்து விற்றது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. இப்போது தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிடுகிறார்கள், அதில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆண்டு வேலைச்சுமை வரம்பு என்ன? இந்த வரியை யாரும் பார்ப்பதில்லை, வீடியோ சேவைக்கு இதுதான் முக்கியம். சாதாரண நாஸ் டிஸ்க்குகளில் ஆண்டுக்கு 180 டிபி, என்டர்பிரைஸ் டிஸ்க்குகளில் 550 டிபி என்று இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இது எழுதுவதும் வாசிப்பதும் சேர்த்து. 550 டிபி-யை ஒரு வருடத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 17 எம்பி சொச்சம். அதாவது இடைவிடாமல் 28 பேர் 1080பி பார்த்தால் வரம்பு முடிந்துவிடும். 180 டிபி என்றால் 9 பேர். வரம்பைத் தாண்டிய அன்றே டிஸ்க் செத்துவிடாது, ஆனால் டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் ஆயுள் கணக்கு இந்த வரம்புக்கு உட்பட்டுத்தான் சொல்லப்பட்டது. பார்ப்பவரை நேரடியாக ஹார்ட் டிஸ்க்கில் விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 25 லட்சம் மணி நேரம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை ஆண்டுப் பழுது விகிதமாக மாற்றினால் 0.35 சதவீதம். கிளவுட் ஸ்டோரேஜ் தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை மாடல் வாரியாக வெளியிட்டு வருகிறது, 2023-க்கு அவர்களுடைய மொத்த விகிதம் 1.40 சதவீதம். நீங்கள் உதிரி டிஸ்க் எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் போட இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க நினைக்கும் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் அதையும் பாருங்கள்.

5. எஸ்எஸ்டி: அதிக வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்

ஒரு சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி தரும், அதாவது 4.4 ஜிபிபிஎஸ். அதைவிட வேகமான இணைப்பு வகையான பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று 7 ஜிபி/நொடி வரை போகும், அது 56 ஜிபிபிஎஸ். உங்கள் சர்வரில் இருப்பது 10 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் போர்ட் என்றால் ஒரே ஒரு டிரைவ் அதை ஐந்து தடவை நிரப்பிவிடும். ஐந்தாம் தலைமுறை வாங்கி என்ன செய்வது? நெட்ஃபிளிக்ஸ் 2021-ல் ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் ஒரே சர்வரிலிருந்து 400 ஜிபிபிஎஸ் அனுப்பிக் காட்டியது, அந்த அளவில்கூட அவர்கள் மல்லுக்கட்டியது பெரும்பாலும் மெமரி பேண்ட்வித்தோடுதான்.

அந்தக் காசை டிரைவின் தாங்குதிறனிலும் போட வேண்டியதில்லை, டெலிவரி ஸ்டோரேஜ் என்றால். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முழு டிரைவையும் எழுதலாம் என்பதை டிடபிள்யூபிடி என்று போடுவார்கள். 7.68 டிபி டிரைவ், 1 டிடபிள்யூபிடி, 5 வருட வாரண்டி என்றால் கிட்டத்தட்ட 14,000 டிபி எழுதலாம். ஒரு படத்தை ஒருமுறை எழுதி ஆயிரம் முறை வாசிக்கும் இடத்துக்கு இது அளவுக்கு மீறியது, "ரீட் இன்டென்சிவ்" வகையோ க்யூஎல்சி-யோ (எழுத்தைக் குறைவாகத் தாங்கும் மலிவு வகை) தாராளமாகப் போதும். எஸ்எஸ்டி-யில் வாசிப்பு அந்தக் கணக்கில் சேராது. டிரான்ஸ்கோட் செய்யும் இடத்துக்கு மட்டும் 3 டிடபிள்யூபிடி வகை வாங்குங்கள். கேஷ் சர்வர் இரண்டுக்கும் நடுவில், படங்கள் எவ்வளவு வேகமாக உள்ளே வந்து வெளியே போகின்றன என்பதைப் பொறுத்தது.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: மின்தடை பாதுகாப்பு. டிரைவுக்குள் கெபாசிட்டர் இருந்தால் மின்சாரம் போன நொடியில் கையில் இருக்கும் தரவை எழுதி முடித்துவிடும். வீட்டு உபயோக எம்.2 டிரைவ்களில் இது பெரும்பாலும் இருக்காது, விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

6. ரெய்டு

20 டிபி டிஸ்க் ஒன்று போனால், நொடிக்கு 200 எம்பி வேகத்தில் புதியதை நிரப்ப 28 மணி நேரம். பார்ப்பவர்களும் வாசித்துக்கொண்டிருந்தால் இன்னும் பல நாள் இழுக்கும். அத்தனை நேரமும் இன்னொரு டிஸ்க் போகாது என்று நம்பி, ஒரு டிஸ்க் போவதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 போடாதீர்கள். இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6, இசட்எஃப்எஸ் என்றால் ரெய்டுஇசட்2 போடுங்கள். நம் 99 டிபி மாஸ்டருக்கு 20 டிபி டிஸ்க் எட்டு போட்டால், இரண்டு கழித்து 120 டிபி, 80 சதவீதம் என்று பார்த்தால் 96 டிபி, அதாவது முதல் நாளே இடம் போதாது. பத்து போட்டால் 128 டிபி கிடைக்கும், ஓரளவு வளர இடம் இருக்கும். இசட்எஃப்எஸ் போடுவதென்றால் ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்க்குகளை அப்படியே இணைக்கும் எச்பிஏ கார்டு போதும். கடையில் பழக்கத்தில் ரெய்டு கார்டைச் சேர்த்துவிடுவார்கள், கவனியுங்கள்.

ரெய்டு இருந்தாலும் தவறுதலாக அழித்தது திரும்ப வராது. மாஸ்டருக்கு இன்னொரு காப்பி வேறு இடத்தில் வேண்டும். எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி பிடிக்கும், 99 டிபி-க்கு ஆறு டேப். பெட்டியில் 45 டிபி என்று அச்சடித்திருப்பது கம்ப்ரெஷனைச் சேர்த்த எண், வீடியோவுக்குப் பொருந்தாது. டேப் மலிவு, அதை எழுதி வாசிக்கும் டிரைவ்தான் விலை அதிகம், அதனால் சில பத்து டிபி மட்டும் இருந்தால் இன்னொரு டிஸ்க் பெட்டியே லாபம்.

டெலிவரி காப்பியை மாஸ்டரிலிருந்து மறுபடி உருவாக்கலாம், பேக்கப் வேண்டாம் என்பார்கள். சரிதான், ஆனால் எத்தனை நாளில்? எல்லாத் தரங்களையும் சேர்த்து நிஜ நேர வேகத்தில்தான் உங்கள் மெஷின் டிரான்ஸ்கோட் செய்யும் என்றால் 1000 மணி நேரத்துக்கு 42 நாள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

7. ஃபைல் எண்ணிக்கை

வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறைக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் 6 நொடித் துண்டுகளாக வெட்டினால் 2 மணி நேரப் படம் ஒரு தரத்துக்கு 1200 ஃபைல், ஆறு தரத்துக்கு 7200. 500 படத்துக்கு 36 லட்சம். அதே போன்ற இன்னொரு முறையான டாஷுக்குத் தனியாக வைத்தால் இரட்டிப்பு. இடம் போதும், ஆனால் காப்பி எடுப்பதும் சரிபார்ப்பதும் நகரவே நகராது. இரண்டுக்கும் பொதுவான சிமாஃப் வடிவில், ஒரு தரத்துக்கு ஒரே ஃபைலாக வைத்து பைட் ரேஞ்ச் (ஃபைலில் தேவையான பகுதியை மட்டும் கேட்டு வாங்குவது) மூலம் கொடுங்கள். ஹார்ட்வேர் வாங்கும் முன்பே வீடியோவை இப்படித் தயாரித்துத் தரும் உங்கள் பேக்கேஜிங் ஆளிடம் பேசிவிட வேண்டிய விஷயம் இது.

8. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

கோட்டேஷனில் ஒவ்வொரு டிஸ்க்கின் முழு மாடல் எண்ணும் இருக்க வேண்டும், "20 டிபி என்டர்பிரைஸ் அல்லது அதற்கு இணையானது" என்ற வரியை ஏற்காதீர்கள். சர்வர் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அந்த மாடலும் ஃபர்ம்வேரும் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாரண்டியை யார் தருகிறார்? டிஸ்க் தயாரிப்பாளரா, சர்வர் நிறுவனமா, கடைக்காரரா? வேறொரு நிறுவனத்துக்காகச் செய்த டிஸ்க் சந்தைக்கு வந்திருந்தால் தயாரிப்பாளர் கையை விரித்துவிடுவார். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள், அதை டிஸ்க் வந்த அன்றே செய்யுங்கள்.

"நான்கு மணி நேர சப்போர்ட்" என்றால் நான்கு மணி நேரத்தில் போனை எடுப்பார்களா, ஆள் வருவாரா, உதிரி பாகம் வந்து சேருமா? மூன்றும் வேறு வேறு. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

படங்களின் உரிமையாளர் உங்களிடம் பாதுகாப்பு நிபந்தனைகள் கேட்பார். பெரிய ஸ்டுடியோக்கள் டிபிஎன் (டிரஸ்டட் பார்ட்னர் நெட்வொர்க்) என்ற பாதுகாப்பு மதிப்பீடு கேட்பது உண்டு. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும், கழித்துப் போடும்போது தரவை அழித்ததற்குச் சான்று வேண்டும் என்று இருக்கும், அதற்கு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி-யின் 800-88 வழிமுறையைச் சொல்வார்கள். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: வாரண்டியில் புது டிஸ்க் வேண்டுமென்றால் பழுதான டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், உரிம ஒப்பந்தமோ அதை வெளியே விடாதே என்கிறது. பழுதான டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைச் சப்போர்ட்டுடன் சேர்த்து வாங்கலாம். அதை வாங்கும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

9. செலவு

டிஸ்க் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். இரண்டாவது காப்பி, அலமாரியில் வைக்கும் உதிரி டிஸ்க், ரேக் இடம், மின்சாரம், குளிரூட்டல், சப்போர்ட் எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். டிஸ்க் ஒன்று 8 வாட் என்றால் பத்து டிஸ்க் வருடத்துக்கு 700 யூனிட் தின்னும், சர்வர் தனி. சப்போர்ட்டின் நான்காம், ஐந்தாம் வருடக் கட்டணத்தை இப்போதே எழுதி வாங்குங்கள், முதல் மூன்று வருடத்தைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பிறகு ஏற்றுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

கிளவுட் போகலாமா என்ற கேள்விக்கு ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: வெளியே போகும் தரவு. மாதம் ஒரு லட்சம் மணி நேரம் 1080பி பார்த்தால் 225 டிபி வெளியே போகிறது. கிளவுட்டில் வைத்திருக்கும் கட்டணம் சிறியதாகத் தெரியும், இந்த 225-ஐ அவர்களுடைய வெளியேற்றக் கட்டணத்தால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

10. கால அட்டவணையும் சோதனையும்

சர்வர் வந்த மறுநாள் சேவையைத் தொடங்கத் தேதி குறிக்காதீர்கள். 20 டிபி டிஸ்க்கை ஒருமுறை முழுக்க எழுதி ஒருமுறை வாசித்துப் பார்க்கவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அதைச் செய்தே ஆக வேண்டும், மோசமான டிஸ்க் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள், பயன்படுத்திய டிஸ்க்கைப் புதிது என்று விற்பது நடக்கிறது. 99 டிபி-யை உள்ளே ஏற்ற, 10 ஜிபிபிஎஸ்ஸில் நிஜமாகக் கிடைக்கும் 800 எம்பி/நொடியில் ஒன்றரை நாள், 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் பத்து நாளுக்கு மேல்.

வேகச் சோதனையை எஃப்ஐஓ என்ற சோதனை மென்பொருள் கொண்டு செய்யுங்கள். ஒரே ஃபைலைத் தொடர்ந்து வாசித்தால் அழகான எண் வரும், அதனால் பயனில்லை. சோதனை ஃபைல்களின் மொத்த அளவு சர்வரின் ரேமைவிடப் பல மடங்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் ரேமின் வேகத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். நூற்றுக்கணக்கான வாசிப்புகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் தொடங்கி, 1 எம்பி துண்டுகளாக. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டு உதிரியைச் சொருகுங்கள். நிரப்புதல் நடக்கும்போதும் உங்கள் உச்ச நேர எண் வருகிறதா? வந்தால் அந்தப் பெட்டி உங்களுக்குப் போதும்.

இந்தச் சோதனையை ஆர்டரிலேயே ஏற்புச் சோதனை என்று எழுதி, கடைசித் தவணைப் பணத்தை அதனோடு கட்டிவிடுங்கள். விற்பவர் முதலில் முகம் சுளிப்பார், ஆர்டர் கையெழுத்தாவதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.